ஐந்து சான்றுகள் போதுமா?

3, 5, 17, 257, 65,537. இந்த ஐந்து எண்களையும் உற்று நோக்குங்கள். ஓர் எண்ணிலிருந்து 1ஐக் கழித்து, வரும் விடையை அதே விடையால் பெருக்கி, மீண்டும் 1ஐக் கூட்டினால் அடுத்த எண் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, 17இலிருந்து 1ஐக் கழித்தால் 16; 16 × 16 = 256; அதனுடன் 1ஐக் கூட்டினால் 257.

இவற்றுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இவை ஐந்தும் பகா எண்கள். அதாவது, 1ஆலும் தம்மாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்கள்.

பிரான்சு நாட்டைச் சேர்ந்த பியர் டி ஃபெர்மாவுக்குச் சட்டம் தொழில். கணிதமோ தீராத விருப்பம். இவ்வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று அவர் உறுதியாக நம்பினார். 1640ஆம் ஆண்டில் தம் நம்பிக்கையைக் கடிதத்திலும் எழுதினார். ஆயினும், அதனை அவரால் நிறுவ இயலவில்லை.

வரிசையின் ஆறாவது எண் 4,294,967,297. இது பகா எண்தானா? நேர்வழியில் சோதிக்க வேண்டுமானால், 65,536க்குக் குறைவான 6,542 பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். கணினி இல்லாத அக்காலத்தில் அது எளிய வேலையா?

ஏறத்தாழ 90 ஆண்டுகள் கழிந்தன. 1732ஆம் ஆண்டில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பணியாற்றிய 25 வயது இளைஞர் லியோனார்ட் ஆய்லர் இதற்கு விடை கண்டார். அந்த எண்ணை 641 மீதியின்றி வகுத்தது!

4,294,967,297 = 641 × 6,700,417

இதன் பின்னணியில் இருந்த காரணத்தையும் ஆய்லர் பின்னர் நிறுவினார். இந்த ஆறாவது எண்ணை ஒரு பகா எண் வகுக்குமானால், அது 64இன் மடங்கைவிட 1 கூடுதலாகவே இருக்கும். 65, 129, 193 எனத் தொடங்கி 641 வரை அத்தகைய எண்கள் பத்தே உள்ளன. அவற்றுள் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்து மட்டுமே. முதல் நான்கால் வகுத்தால் மீதி வரும். ஐந்தாவதால் வகுத்தால் மீதி வராது. ஆயிரக்கணக்கான வகுத்தல்கள் செய்ய வேண்டிய இடத்தில் ஐந்தே போதும்!

ஐந்து சான்றுகள் துணை நின்ற கருத்தை ஒரே ஓர் எதிர்ச்சான்று வீழ்த்திவிட்டது. பல முறை சரியாக வந்தது அடுத்த முறையும் சரியாகவே வரும் என்று கணிதத்தில் கொள்ள முடியாது. சொன்னவர் மேதையாக இருந்தாலும் கருத்து நிறுவப்பட வேண்டும். இதனால் ஃபெர்மாவின் புகழ் குன்றிவிடவில்லை. இவ்வரிசை எண்கள் இன்றும் ‘ஃபெர்மா எண்கள்’ என்றே அழைக்கப்படுகின்றன.

அந்த ஐந்தைத் தவிர வேறொரு ஃபெர்மா பகா எண் இதுவரை கண்டறியப்படவில்லை. அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றும் எவரும் நிறுவவில்லை. அவ்வினா இன்றும் விடைக்காகக் காத்திருக்கிறது.