கடைசல் பட்டறையில் ஒரு திருகு குமிழ்



அம்பாசமுத்திரம் செப்புச் சாமான் உங்க எல்லாருக்கும் தெரியும். சின்ன அடுப்பு, குடம், அம்மி, உரல்னு சிவப்பும் பச்சையுமா இருக்கும். அதைச் செய்வது கடைசல் மெஷினில். மரக்கட்டை சுற்றும், உளியை அதன்மேல் பிடித்தால் கட்டை உருண்டையாகச் செதுங்கி வரும். எங்கள் பெரியப்பா பட்டறையில் அப்படி ஒரு பழைய மெஷின் இருக்கு. அதற்கு நாங்கள் மின்னணு வேகக் கட்டுப்பாடு போட்ட கதைதான் இந்தக் கட்டுரை. முதல் தடவை தப்பாகப் போட்டு ஒரு மோட்டாரையே எரித்தோம். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில், வேகம் ஏன் மாறணும்? செப்பு 2 அங்குலக் கட்டை. சப்பாத்திப் பலகை 10 அங்குலம். இரண்டையும் நிமிடத்துக்கு 1400 சுற்றில் ஓட்டினால் என்ன ஆகும்னு கணக்கு போடுங்க. சுற்றளவு = 3.14 × விட்டம். 2 அங்குலக் கட்டையின் (5 செ.மீ.) விளிம்பு நிமிடத்துக்கு 220 மீட்டர் ஓடுகிறது. 10 அங்குலப் பலகையின் (25 செ.மீ.) விளிம்பு 1099 மீட்டர் ஓடும். மணிக்கு 66 கிலோமீட்டர்! அதாவது பஸ் போகிற வேகத்தில் மரம் நம் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிச் சுற்றுகிறது.

மரம் கடைபவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்று வேகத்தோடு பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவில் வரணும். 10 அங்குலத்துக்கு 600 முதல் 900 வரை. இதுவும் கட்டை உருண்டையான பிறகுதான். வெட்டிய கட்டை ஆரம்பத்தில் ஒரு பக்கம் கனமாக இருக்கும். அப்போது 300க்கு மேல் போனாலே மெஷின் ஆடும். வேகம் இரண்டு மடங்கானால் மையவிலக்கு விசை நான்கு மடங்கு என்று நாம் படித்ததை அங்கே நேரில் பார்க்கலாம்.

பழைய மெஷினில் வேகம் மாற்ற மூன்று படி வைத்த புல்லி இருக்கு. பெல்ட்டை ஒரு படியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் சுமார் 700, 1400, 2100 சுற்று கிடைக்கும். நடுவில் வேறு வேகம் கிடையாது, 700க்குக் கீழேயும் கிடையாது. மெஷினை நிறுத்தி, மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டை மாற்றி, திரும்ப முறுக்கணும். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அவசரத்தில் யார் செய்வா? சிலர் ஓடும்போதே பெல்ட்டைக் கையால் தள்ளுவார்கள். பெரியப்பாவின் இடது ஆள்காட்டி விரலில் நுனி இல்லாததற்கு அதுதான் காரணம்.

போன வருஷம் இன்னொன்று நடந்தது. செப்பு கடைந்த வேகத்திலேயே (2100) ஒரு பலகையை மாட்டி சுவிட்சைப் போட்டுவிட்டார். பெல்ட் மாற்ற மறந்துட்டார். கட்டை இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு கூரை ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே போயிற்று. யாருக்கும் அடி இல்லை. அன்றைக்கு ராத்திரிதான் பெரியப்பா கேட்டார்: "ஏல, ஃபேனுக்கு ரெகுலேட்டர் இருக்க மாதிரி இதுக்கும் ஒண்ணு போட்டா என்ன?"

கடையில் கேட்டோம். "4000 வாட் டிம்மர் இருக்கு, மோட்டாருக்கும் போடலாம்" என்று கொடுத்தார்கள். மாட்டினோம். கட்டை இல்லாமல் ஓட்டினால் குமிழைத் திருகியும் வேகம் குறைந்த மாதிரியே தெரியவில்லை. உளியை வைத்ததும் மெஷின் திணறியது. பெரியப்பா இன்னும் கொஞ்சம் குறைத்தார். மோட்டாருக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் உறுமல். ஒரு நிமிஷத்தில் புகை! காயில் கருகிவிட்டது.

ஏன் இப்படி ஆச்சு? எங்களுடையது ஒரு பேஸில் ஓடும் 1 குதிரைத்திறன் தூண்டல் மோட்டார். அதில் இரண்டு சுற்று காயில். ஒன்று எப்போதும் ஓடுவது. இன்னொன்று கிளப்பிவிட மட்டும், கண்டென்சரோடு சேர்ந்தது. மோட்டார் முக்கால் வேகத்தைத் தொட்டதும் உள்ளே ஒரு மையவிலக்கு சுவிட்ச் திறந்து கிளப்பும் காயிலை வெட்டிவிடும். நாங்கள் வேகத்தைக் குறைத்தபோது அந்த சுவிட்ச் திரும்ப மூடிக்கொண்டது. அதுதான் அந்த 'டக்'. சில விநாடிகளுக்காகச் செய்த காயில் ஒரு நிமிஷம் கரண்ட் தாங்குமா?

ஃபேனில் மட்டும் ரெகுலேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று கேட்பீர்கள். ஃபேனில் இந்த சுவிட்சே கிடையாது. வேகம் குறைந்தால் காற்றின் எதிர்ப்பும் வெகுவாகக் குறைந்துவிடும். மரம் அப்படி இல்லை. மெதுவாகச் சுற்றினாலும் உளியை அதே பலத்தோடு எதிர்க்கும். மிக்ஸி, கை டிரில் இவற்றில் கார்பன் பிரஷ் வைத்த வேறு வகை மோட்டார், அதனால் அவை கேட்கும்.

தூண்டல் மோட்டாரின் வேகத்தைத் தீர்மானிப்பது வோல்ட் அல்ல, அதிர்வெண். சூத்திரம் இது:

வேகம் = 120 × அதிர்வெண் ÷ துருவங்களின் எண்ணிக்கை

நம் வீட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். 4 துருவம் என்றால் 1500 சுற்று. 25 ஹெர்ட்ஸ் கொடுத்தால் 750. அவ்வளவுதான் ரகசியம். ஆனால் மின்வாரியம் நமக்காக அதிர்வெண்ணை மாற்றித் தராதே! அதைச் செய்யும் பெட்டிக்குப் பெயர் வி.எஃப்.டி. கடைக்காரர்கள் 'டிரைவ்' என்பார்கள். வீட்டு 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கும் (சுமார் 325 வோல்ட்). பிறகு ஆறு மின்னணு சுவிட்சுகள் அதை விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி, நாம் கேட்ட அதிர்வெண்ணில் மூன்று பேஸ் கரண்ட்டாகத் தரும். அதிர்வெண் குறையும்போது வோல்ட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும். 25 ஹெர்ட்ஸுக்கு 115 வோல்ட். குறைக்காவிட்டால் கரண்ட் எகிறி காயில் சூடாகும்.

கவனியுங்கள், வெளியே வருவது மூன்று பேஸ். ஆகவே பழைய ஒரு பேஸ் மோட்டார் இதற்கு ஆகாது. எங்களுடையது எப்படியும் எரிந்துபோனதால், ரீவைண்டிங் கடையில் பழைய மூன்று பேஸ் மோட்டார் ஒன்று வாங்கினோம். வாங்கும்போது பெயர்ப்பலகையில் 240/415 என்று இரண்டு வோல்ட்டும் இருக்கா, ஆறு முனையும் வெளியே வருதா என்று பார்க்கணும். 415க்கு ஸ்டார் இணைப்பு, 240க்கு டெல்டா. நம் டிரைவ் தருவது 230 வோல்ட்தான், அதனால் டெல்டாவில் மாட்டணும் (படம் 1 பாருங்கள்). மறந்து ஸ்டாரிலேயே விட்டால் மோட்டார் சுற்றும், ஆனால் மூன்றில் ஒரு பங்கு இழுவைதான் இருக்கும். எங்கள் மோட்டார் ஸ்டாரில் 1.9 ஆம்பியர். டெல்டாவில் அதை 1.732ஆல் பெருக்கினால் 3.3 ஆம்பியர். இந்தக் கணக்கை வைத்துத்தான் டிரைவ் வாங்கணும், குதிரைத்திறனை மட்டும் பார்த்து அல்ல.

மின் இணைப்பு முழுவதும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் அண்ணன்தான் செய்தார். நான் டார்ச் பிடித்தேன். அவர் சொன்னவை: பழைய சுவிட்சை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் வைக்கவே கூடாது. ஓடும்போது அதை அணைத்தால் டிரைவ் கெட்டுப்போகும். ஆன், ஆஃப், வேகக் குமிழ் (10 கிலோ ஓம்) மூன்றும் டிரைவின் சின்ன முனைகளில்தான் வரணும். எர்த் கட்டாயம். மெயினை அணைத்தாலும் உள்ளே இருக்கும் கண்டென்சரில் கரண்ட் இருக்கும், பெட்டியில் எழுதியிருக்கும் நிமிஷக் கணக்கு முடியும்வரை மூடியைத் தொடாதே.

இன்னொரு விஷயம், இதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் மெஷின் தானாக ஓடக் கூடாது. எங்கள் ஊரில் கரண்ட் போனதும் கட்டையைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்ப்பது பெரியப்பா வழக்கம். மேலே தூக்கும் சுவிட்ச் வைத்தால் அது 'ஆன்' நிலையிலேயே நின்றுவிடும். அதனால் அழுத்தும் பொத்தான் வைத்து, டிரைவிலும் தானே கிளம்பும் வசதியை நிறுத்தி வைத்தோம். பிறகு மெயினை அணைத்துப் போட்டு ஐந்து தடவை சோதித்தோம்.

வேகம் பிடிக்க 8 விநாடி, நிற்க 10 விநாடி என்று வைத்திருக்கிறோம். முதலில் 2 விநாடியில் நிறுத்தப் பார்த்தோம். கனமான கட்டை சுற்றிக்கொண்டே மோட்டாரை ஜெனரேட்டராக்கி, டிரைவ் அதிக வோல்ட் என்று காட்டி நின்றுவிட்டது. பின்பக்கச் சுற்றையும் பூட்டிவிட்டோம். பலகை மாட்டும் தட்டு மரையில் நிற்பது, எதிர்ப்பக்கம் சுற்றினால் கழன்று வந்துவிடும்.

சரி, புல்லியைத் தூக்கிப் போட்டுவிடலாமா? அப்படித்தான் நானும் நினைத்தேன். பெரியப்பா விடவில்லை, அவர் சொன்னதுதான் சரி. 10 ஹெர்ட்ஸில் மோட்டாருக்கு ஐந்தில் ஒரு பங்கு திறன்தான். அதன் பின்னால் உள்ள விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு ஏறும். அதனால் பலகைக்கு பெல்ட்டை 700 படியில் போட்டு, குமிழால் 280 வரை (20 ஹெர்ட்ஸ்) இறக்குகிறோம். இழுவையும் இருக்கு, நிதானமும் இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடித்தது அரக்கு ஏற்றும்போதுதான். சுற்றும் செப்பில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் உருகி ஒட்டும். வேகம் போதாவிட்டால் உருகாது, கூடினால் தெறிக்கும். முன்பு கையின் அழுத்தத்தால் சமாளிப்பார். இப்போது இடது கையால் குமிழைத் துளித்துளியாகத் திருகி இடம் கண்டுபிடிக்கிறார். "முப்பத்தஞ்சு வருசமா கைதான் மெசினுக்கு அடங்கிக்கிட்டு இருந்துச்சு" என்றார்.

மரத்தூள் உள்ளே போகாமல் இருக்க டிரைவைப் பெரிய தகரப் பெட்டியில் மூடிவைத்தோம். பெட்டி சின்னதாக இருந்தால் சூடு வெளியேறாது.

படிப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 6 துருவ மோட்டார், 40 ஹெர்ட்ஸ், மோட்டார் புல்லி 3 அங்குலம், மெஷின் புல்லி 6 அங்குலம். கட்டை எத்தனை சுற்று சுற்றும்? இன்னொன்று: 1500 வரவேண்டிய மோட்டாரின் பெயர்ப்பலகையில் 1440 என்று ஏன் போட்டிருக்கு? விடையைத் தாளில் எழுதி இயற்பியல் ஆய்வகப் பெட்டியில் போடுங்கள். அடுத்த இதழில் பெயர் வரும்.

– 11ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்