கிட் கேமரா வாங்குமுன்

ஏபிஎஸ்-சி சென்சார் மிரர்லெஸ் கேமராவை 16-50 மி.மீ. கிட் லென்ஸோடு வாங்கப் போகிறீர்களா? மெகாபிக்சல் பேச்சை விடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் 11 நிலை ராஜகோபுரத்தைச் சற்றுத் தள்ளி நின்று எடுக்க 16 மி.மீ. போதும். மலைக்காட்டுச் சாம்பல் நிற அணிலுக்கு 50 மி.மீ. எட்டவே எட்டாது, 200-க்கு மேல் வேண்டும்.

வீடியோதான் முக்கியமென்றால், ராஜபாளையம் பஸ் ஏதாவது வேகமாகக் கடக்கும்போது கடை வாசலிலிருந்தே 4கே-யில் எடுத்துப் பாருங்கள். ஜன்னல் கம்பிகள் சாய்ந்து தெரிந்தால், சென்சார் மெதுவாகப் படிக்கிறது என்று அர்த்தம். 4கே-க்கு மாற்றியதும் காட்சி குறுகுகிறதா? அப்படியானால் அந்த 16 மி.மீ. பெயருக்குத்தான்! ஆடிப்பூரத் தேரோட்ட வெயிலில் நீளமாக எடுத்தால் சில கேமராக்கள் சூடேறி நின்றுவிடும். பை இலவசம் என்பார்கள். பதிலுக்கு இன்னொரு பேட்டரி கேளுங்கள்.