அந்த நாடும் இந்த நாடும்



"எங்க சிலோனிலே இப்படி இல்லை" என்று ரப்பர்த் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். "பிறகு ஏன் இங்கே வந்தீர்?" என்று சிலர் வெடுக்கென்று கேட்டுவிடுகிறார்கள். அக்கேள்வி நியாயமா என்று இவ்வாரம் சிந்திப்போம்.

இவர்கள் எப்படி வந்தார்கள்? வெள்ளையர் ஆட்சியில் இவர்களுடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து இலங்கை மலைநாடு சென்று, முதலில் காப்பித் தோட்டங்களிலும் பின்பு தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்தார்கள். 1948-ம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்கள் சந்ததியாரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964 அக்டோபர் 30-ல் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று தீர்மானமாயிற்று. தீர்மானித்தவை இரண்டு அரசாங்கங்கள். மூட்டை கட்டியவர்கள் இவர்கள். அப்படி வந்த குடும்பங்களில் சிலவே நம் மாவட்டத்தில் கீரிப்பாறை முதலிய அரசு ரப்பர்த் தோட்டங்களில் குடியேறின. கொழுந்து பறித்த கைகள் இங்கே பால்வெட்டப் பழகின.

புகுந்த வீட்டில் எவ்வளவு நன்றாயிருந்தாலும் பெண்பிள்ளை பிறந்த வீட்டுப் பேச்சை எடுக்காதிருப்பாளா? அது மாமியார் வீட்டைப் பழிப்பதாகாது. அவ்வாறே இதுவும்.

ஒப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு நாட்டையும் ஒரே மரக்காலால் அளக்க வேண்டும். வனாந்தரத்தில் இஸ்ராயேலர் எஜிப்து தேசத்து வெங்காயத்தையும் வெள்ளைப்பூண்டையும் நினைத்து அழுதார்கள். அங்கே அடிமைகளாய்ச் செங்கல் அறுத்ததை மறந்தார்கள். மலைநாட்டுக் குளிர்ச்சியை நினைக்கிறவர்கள், குடும்பம் முழுதும் ஒரே அறையில் ஒடுங்கிய லயத்தையும், வாக்குரிமை இழந்து நின்றதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லட்டும்.

நம்முடைய கடமை என்ன? அங்கே அவர்களை 'இந்தியாக்காரன்' என்றார்கள். இங்கே நாம் 'சிலோன்காரன்' என்கிறோம். இரண்டு கரையிலும் அந்நியன் என்று பெயர் வாங்கியவன் எந்த ஊரைத் தன் ஊர் என்பான்? அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். அவர்களையும் அப்பெயரால் அழைப்பது அநீதி.

வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள், "நம்ம ஊர் மாதிரி வருமா?" என்று தொலைபேசியில் சொல்லும்போது நாம் மகிழ்ந்து கேட்கிறோம் அல்லவா? அதே காதோடு இவர்களையும் கேளுங்கள். அடுத்த முறை அந்தப் பெரியவர் பேச்சைத் தொடங்கினால், "ஏன் வந்தீர்?" என்று கேளாமல், "அங்கே உங்களுக்கு எந்தத் தோட்டம், ஐயா?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்காருங்கள்.