போட்டி இரவில் படம் ஏன் சுற்றுகிறது?

கேள்வி: வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு. பகலில் குறையே இல்லை. கிரிக்கெட் இறுதிப் போட்டி இரவில் மட்டும் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறதே?
– வாசகர், திருச்சி

பதில்: பகலில் சரியாக ஓடுவதால் உங்கள் ஒயரைச் சந்தேகிக்க வேண்டாம். சேவை நிறுவனம் பிற நெட்வொர்க்குகளோடு இணையும் போர்ட்டில்தான் பெரும்பாலும் நெரிசல். போர்ட் 10 ஜிகாபிட் என்றால் அதற்கு மேல் ஒரு துளி போகாது. மிச்சம் வரிசையில் நிற்கும், வரிசையும் நிரம்பினால் தரவுப் பாக்கெட்டுகள் கைவிடப்படும். ‘60 சதவீதம்தானே ஓடுகிறது’ என்று போர்ட்டின் ஐந்து நிமிடச் சராசரி வரைபடத்தை நம்பி சேவை நிறுவனம் உட்கார்ந்திருப்பது பெரிய அசட்டுத்தனம். நொடிக்கும் குறைவான நேரத்தில் போர்ட் நிரம்பி வழிவதை அது காட்டாது. இரட்டைப் போர்ட் வைத்திருக்கும் நிறுவனங்கள் உச்ச நேரத்திலும் ஒவ்வொன்றையும் பாதிக்குக் கீழே ஓட்ட வேண்டும். ஒன்று படுத்தால் மற்றது தாங்க வேண்டுமே! (கணக்குப் பிரிவு இதை வீண்செலவு என்றுதான் முணுமுணுக்கும்.) போர்ட்டை நினைத்த மாத்திரத்தில் பெருக்கவும் முடியாது. அதனால்தான் 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்கின்போது, ஐரோப்பாவில் நெட்ஃபிளிக்ஸ் படத்தின் தரத்தையே குறைத்து நெரிசலைத் தணித்தது. நீங்களும் ஆட்டத்தை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள்.