சிரங்கும் மூலிகை மருந்துகளும்

மாணவர்களே, ஒட்டுண்ணியால் ஏற்படும் தோல் நோய்க்கு உதாரணம் கேட்டால் சிரங்கை எழுதுங்கள். இதனை உண்டாக்குவது சார்கொப்டிஸ் ஸ்கேபியை எனும் சிற்றுண்ணி ஆகும். இதற்கு எட்டுக் கால்கள்; எனவே பூச்சி என எழுதினால் புள்ளி கிடைக்காது. அரை மில்லிமீற்றரிலும் சிறிய பெண் உண்ணி, தோலின் மேற்படையில் சுரங்கம் குடைந்து நாளொன்றுக்கு 2 அல்லது 3 முட்டைகள் இடும். முதன்முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்க 4 முதல் 6 வாரங்கள் செல்லலாம். இந்த எண்ணை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள்.

வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துப் பூசிக் குளிப்பது எமது வீடுகளில் நெடுங்காலமாக உள்ள முறை. குப்பைமேனி இலையை உப்புச் சேர்த்து அரைத்துப் பூசுவோரும் உளர். இவை வெறும் நம்பிக்கை அல்ல. வேம்பு, மஞ்சள் கலவையை 814 பேருக்குப் பூசிய ஆய்வொன்று 1992 இல் வெளியானது; 97 சதவீதமானோர் 3 முதல் 15 நாட்களில் குணமடைந்ததாக அது கூறியது. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு என்பதால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ள முடியாது. வைத்தியர்கள் பொதுவாகத் தருவது பேர்மெத்ரின் களிம்பு அல்லது பென்சைல் பென்சோயேற்று.

விடைத்தாள்களில் இரு தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கந்தகம் சிரங்குக்குப் பயன்படுவது உண்மையே. ஆனால் அது கனிப்பொருள், மூலிகை அன்று. வண்டுகொல்லி இலை படர்தாமரைக்கு உரியது. படர்தாமரை பங்கசினால் வருவது.

பூசியும் சிரங்கு மீண்டும் வருவது ஏன்? இங்கேதான் அடிக்கோடிட்ட எண் உதவும். அரிப்பில்லாத தம்பியிடமும் உண்ணி இருக்கலாம். ஆகவே வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். உடலைவிட்டு நீங்கிய உண்ணி 2, 3 நாட்கள் உயிர்வாழும் என்பதால் உடை, படுக்கை விரிப்பு, துவாய் ஆகியவற்றைச் சுடுநீரில் துவைக்க வேண்டும். உண்ணி இறந்த பின்னரும் சில வாரங்கள் அரிப்பு இருக்கும். அதற்காகத் தொடர்ந்து பூசித் தோலைப் புண்ணாக்கக் கூடாது.

வேப்பெண்ணெயைக் குழந்தைக்குப் பருக்கவே கூடாது. வலிப்பும் மரணமும் நேர்ந்துள்ளன. சிரங்கில் சீழ் வைத்தாலோ காய்ச்சல் கண்டாலோ வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். சொறிந்த புண்ணில் தொற்றும் பற்றீரியா சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும்.

பயிற்சி வினா: விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவன் வேப்பிலை பூசிக் குணமடைந்தான். ஒரு மாதத்தின் பின் மீண்டும் சிரங்கு கண்டது. காரணங்கள் இரண்டு தருக. (4 புள்ளிகள்)