ஃபில்டர் கரியைக் கழுவலாமா?

காங்கேயம் பக்கம் சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி ஆக்டிவேட்டட் கார்பனுக்கு ஒரு மூலப்பொருள். தூத்துக்குடி துறைமுகம் வழியாகக் கப்பலேறும் இந்தக் கரி நம் வீட்டு ஃபில்டருக்குள்ளும் இருக்கிறது.

● ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 500 சதுர மீட்டருக்கும் மேல். அதிலுள்ள நுண்துளைகள் நிறைந்துவிட்டால், கழுவினால் மேல்தூசிதான் போகும். கொதிக்க வைத்தாலும் முழுப் பலன் திரும்பாது. ஆலையில் 800 டிகிரிக்கு மேல் நீராவி கொடுத்துத்தான் கரியைப் புதுப்பிக்கிறார்கள்.

● தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை வடிகட்டிய பிறகும் அடிக்கிறதா? கரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

● கடலோரக் கிணற்று உப்பைக் கரி எடுக்காது. அதற்கு ஆர்.ஓ. வேண்டும்.

● சோப்பு, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவாதீர்கள். குளோரினை உறிஞ்சியே கரி தீர்ந்துவிடும்.

● பழைய கரியைக் கருப்புத் தண்ணீர் வடிவது நிற்கும்வரை அலசி, மொட்டை மாடியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயப்போடுங்கள். பருத்தித் துணியில் முடிந்து, செருப்பு அலமாரியிலோ மீன் வாங்கும் கூடையிலோ வையுங்கள். வாடை ஓரளவு குறையும். குடிநீருக்கு மட்டும் மறுபடி வேண்டாம்.

● அடுப்பில் போட்டு எரிக்காதீர்கள். உறிஞ்சிய ரசாயனம் புகையாக வரும்.

● பெரிய ஃபில்டர் தொட்டிக்குள் இறங்கவே கூடாது. ஈரக் கரி உள்ளே இருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், மூச்சடைத்துவிடும்.