கரிசல் பூமியில் நீச்சல் குளமும் கல்தளமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஓட்டப்பிடாரத்துக் கரிசல் காட்டில் தோட்டவீடு எடுத்து, அதன் பின்முற்றத்தில் ஒரு நீச்சல் குளமும் குளத்தைச் சுற்றிக் கல்தளமும் அமைக்க விரும்புகிறவர், தண்ணீரின் நீலத்துக்கு எந்த நிறக் கல் இசையும் என்ற வினாவோடுதான் பெரும்பாலும் ஆரம்பிக்கிறார். அது கடைசியில் கேட்கவேண்டிய வினா. இந்தப் பூமியில் குளமும் தளமும் இசைந்திருப்பதும் பிணங்குவதும் கல்லுக்கு அடியிலுள்ள மண்ணின் ஈரத்தால் நிர்ணயமாகின்றன என்பதை அறியாமல் கைப்பொருளைச் செலவிட்டவர்களின் முற்றங்களில், ஓரிரு மழைக்காலம் கழிவதற்குள் கற்கள் ஏறியும் இறங்கியும் கிடப்பதைக் காணும்போது மனம் வருந்தாமல் இருக்க முடிவதில்லை.

காய்ந்த கரிசல் பாறைக்குச் சமானம், அதன்மேல் எதையும் வைக்கலாம் என்பது பரவலான நம்பிக்கை. பங்குனி சித்திரையில் கடப்பாரையின் முனையையே எதிர்த்து நிற்கும் அந்நிலத்தைப் பார்ப்பவர்க்கு இந்த அபிப்பிராயம் தோன்றுவது இயல்பே. ஆனால் அதே நிலம் ஆனி ஆடியில் பாளம் பாளமாக வெடித்து, முழங்கை வரை உள்ளே போகுமளவுக்கு வாய் பிளந்திருப்பதையும், ஐப்பசி அடைமழையில் அவ்வெடிப்புகளெல்லாம் சுவடு தெரியாமல் மூடிக்கொண்டு மண் பொதுபொதுவென்று மேலெழுவதையும் இவ்வூர்ச் சம்சாரி எவரும் அறிவார். மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் இதில் மிகுந்திருக்கிறது. அதன் மெல்லிய அடுக்குகளுக்கிடையே நீர் புகுந்தால் அவை விலகுகின்றன, நீர் நீங்கினால் நெருங்குகின்றன. கரிசலின் கனம் மிகுந்த இடங்களில் இந்த அசைவு ஏறக்குறைய 3.5 மீட்டர் ஆழம் வரை செல்லக்கூடும் என்பதனாலேயே, ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சிக் கழகத்தார் கரிசல் நிலக் கட்டடங்களுக்கென்று அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்களை ஆழத்தில் இறக்கும் முறையை வகுத்தனர்.

தம் மனையின் மண் எவ்வளவு உப்பும் என்பதை அறிய விரும்புகிறவர் மண் பரிசோதனைச் சாலையில் நிகழும் எளிய பரீட்சை ஒன்றை ஒருமுறை நேரில் பார்க்கவேண்டும். சலித்தெடுத்த உலர்ந்த மண்ணில் பத்துப் பத்துக் கிராமாக இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் இட்டு, ஒன்றில் வாலை வடித்த நீரையும் மற்றொன்றில் மண்ணெண்ணெயையும் ஊற்றி ஒரு நாள் வைக்கிறார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்புவதில்லை. ஆகவே அடியில் அடங்கிக் கிடக்கிறது. நீரிலிட்ட மண்ணோ மெள்ள மெள்ள உயர்ந்து நிற்கிறது. அவ்விரண்டு மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசந்தான் நாளைக்கு உங்கள் கல்தளத்தைத் தூக்கப்போகிற சக்தியின் அளவு.

இத்தனையும் தெரிந்த சிலர்கூட, கரிசலைத் தோண்டியெடுத்துவிட்டு மணலை நிரப்பி அதன்மேல் கல்லைப் பாவினால் தீர்ந்தது என்கிறார்கள். பார்வைக்கு நியாயமான பரிகாரமாகத் தோன்றும் இதுவே பெரும் விபரீதம் விளைவிப்பது. மணலுக்குள் இறங்கும் மழைநீரும், குளத்திலிருந்து சிந்தும் நீரும் சுற்றிலும் உள்ள களிமண்ணால் தடைபட்டு, தொட்டியில் தேங்குவதுபோல் அங்கேயே தங்கி, அடியிலுள்ள கரிசலை நாள்முழுதும் ஊறவைக்கின்றன. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். கே. கட்டி நீண்ட ஆராய்ச்சியால் எடுத்துக்காட்டியது, ஒட்டுந்தன்மை உடையதாயும் உப்புந்தன்மை இல்லாததாயும் உள்ள மண்ணை ஏறத்தாழ 1 மீட்டர் கனத்துக்கு இட்டால் கரிசலின் எழுச்சி பெரிதும் அடங்கும் என்பது. கர்நாடகத்தின் மலப்பிரபா கால்வாய்க்கு இம்முறையே பயன்பட்டது. நம் பக்கத்தில் அதற்கு ஏற்றது செவல் கலந்த சரள் மண். அதை 15 சென்டிமீட்டர் கனமாகப் பரப்பி, நீர் தெளித்து, திமிசிட்டு இறுக்கிய பின்னரே அடுத்த அடுக்கை இடவேண்டும். இந்த இடத்தில் அவசரப்படுகிற மேஸ்திரியை எந்த விலையுயர்ந்த கல்லும் காப்பாற்றாது.

குளத்தின் விளிம்பையும் தளத்தையும் ஒரே கான்கிரீட்டாக வார்த்துவிட்டால் பலம் என்பதும் பிழையான எண்ணமே. நீர் நிறைந்து கனத்து நிற்கும் குளமும், லேசான தளமும் ஒரே அளவில் அசைவதில்லை. பிணைத்துவிட்டால் தளம் எழும்போது குளத்தின் விளிம்பையும் பிளந்துகொண்டு எழும். இரண்டுக்கும் இடையே விரற்கடை அளவு இடைவெளி விட்டு, ரப்பர்போல் நெகிழும் பூச்சால் அதை அடைப்பதே முறை. தளத்தின் வாட்டம் குளத்துக்கு எதிர்ப்புறமாக, மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வீதம் இருக்கட்டும். வழிந்த நீரைத் தளத்தின் ஓரத்திலேயே விட்டுவிடாமல் வாறுகால் கட்டி அப்பால் கொண்டுபோகட்டும். நிழலுக்கென்று விளிம்போரம் வேம்பு வைப்பதும் கூடாது. அதன் வேர் ஒருபக்கத்து ஈரத்தை மட்டும் உறிஞ்ச, தளம் அப்பக்கம் தாழும்.

கல்லைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடப்பைக் கல் சுண்ணாம்புக் கல்லாதலால், குளத்து நீரின் காரத்தைக் குறைக்க ஊற்றும் அமிலம் சிந்தினால் அரிபடும். கறுப்பானதால் இவ்வூர் வெயிலில் வெறுங்காலை வைக்கவொட்டாது. மெருகிட்ட கிரானைட்டோ ஈரத்தில் வழுக்கும். உளியால் கொத்திய சாம்பல்நிறக் கருங்கல்லே போதும், அதுவே அழகும்.

ஒருமுறை நிரப்பினால் வருஷம் முழுதும் போதும் என்பாரும் உளர். நம் வறண்ட காற்றில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியாவதாகக் கொண்டாலும், 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள குளம் தினம் 160 லிட்டரை இழக்கிறது. சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே வரும் தண்ணீரை நம்பிக் கோவில்பட்டி வாழும் இப்பிரதேசத்தில், குளத்தின்மேல் போர்த்த ஒரு விரிப்பு இல்லாமல் குளம் வெட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

மழைக்காலத்தில் குளத்தை வற்றவைத்து விடுவது பத்திரம் என்ற நம்பிக்கையே எல்லாவற்றிலும் ஆபத்தானது. வெளியே நனைந்து உப்பிய கரிசல் சுவரை உள்நோக்கி நெருக்குகிறது. சுற்றிலும் தேங்கிய நீர் வெறுங்குளத்தை அடியிலிருந்து மேலே தூக்குகிறது. உள்ளிருக்கும் தண்ணீரின் கனமே அவ்விரண்டையும் எதிர்த்து நிற்பது. நிலநீரின் அழுத்தம் மிகும்போது தானே திறந்துகொள்ளும் வால்வு ஒன்றைக் குளத்தின் அடித்தளத்தில் பொருத்துவதோடு, கல் பாவும்போதே தளத்தின் ஓரத்தில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் குளத்தின் ஆழத்துக்கு நிறுத்திவைத்தால், பழுதுபார்க்க நேரும் மாசி பங்குனியில் கயிற்றில் கல் கட்டி அதற்குள் இறக்கிப் பார்த்து, கல் நனையாமல் வந்த பின்பு குளத்தை இறைக்கலாம்.